கேட்ட கேள்விக்குப் பதில்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. மற்றபடி வாய், காது, கோபம் எல்லாம் பழைய நிலையில் குறைவில்லாமல் இருக்கின்றன. தேர்தலில் கத்தித் தீர்த்த உன் தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளிக்கிறாயா, இல்லை அதற்கும் ஆள் வைத்துவிட்டாயா?

ஏன் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் உனக்குப் போன் செய்தேன். உன் உதவியாளர் எடுத்து, "அண்ணன் கூட்டத்துல இருக்காரு, யாரு பேசறது?" என்றார். "அவன் அக்கா" என்றேன். "எந்த வார்டுங்க?" என்று கேட்டார். அதோடு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நீயே பிரிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

அத்தான் சலூனுக்குப் புது டிவி வாங்கியிருக்கிறார். உன்னைக் காட்டினால் முடி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரும் பார்த்துத்தான் ஆகவேண்டும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது நீ மேனேஜரை வழியிலேயே நிறுத்தி, "பிரேக் கட்டை எப்ப வரும்? தேதி சொல்லுங்க" என்று கேட்டாயே, அதைத்தான் கடையில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஊரே உனக்கு ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு அனுப்பியது.

எங்கள் அரசு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சம்பளம் நகர்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. நீங்களோ உங்கள் சம்பளத்தை நீங்களே ஏற்றிக்கொள்ளப் போகிறீர்கள் என்று கடையில் பேச்சு. உண்மையா? ஒரு வரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். குரல் பாதி திரும்பிவிட்டது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, தூக்கம்தான் இல்லை. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. உதவியாளரை நன்றாகத் திட்டிவிட்டேன். உன் சாய்வான கையெழுத்தில் கடிதம் வந்தால் பிரிக்காமல் என் மேசையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது, கேள். டிவியில் பேட்டி கொடுப்பதற்குக் கட்சியில் எங்களுக்குப் பயிற்சி. பயிற்சியாளர் என்று ஒருவர், வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார். "கேள்வி வந்ததும் முதல்ல நன்றி சொல்லணும். அப்புறம் அந்தக் கேள்வியை மெதுவா ஓரமா எடுத்து வைக்கணும். அப்புறம் நாம சொல்ல வந்ததைச் சொல்லிட்டு எழுந்து வந்துடணும்" என்கிறார். "கேட்டவருக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி, நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அதற்கு முன்னால் அத்தானின் புது டிவிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லிவிடு.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நீ கேட்டாய் என்று சொன்னால்தான் போடுகிறாள், அதனால் தினமும் நீ கேட்பதாகச் சொல்கிறேன். உன் தூக்கம் எப்படி?

உங்கள் சம்பளம் ஏறிவிட்டது என்று செய்தியில் வந்தது. நாள் முழுக்க ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று மல்லுக்கு நிற்பவர்கள் இதற்கு மட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கியதைக் காட்டினார்கள். அத்தான் கடையில் அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும். கழுத்தில் கத்தி இருக்கும் வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. துண்டை உதறி எழுந்ததும் ஆரம்பிக்கிறார்கள். "கேக்க ஆளில்லைன்னா என்ன வேணா செய்வானுங்க. எல்லாம் ஒரே குட்டையில ஊறினவனுங்கதான்" என்றார் ஒருவர். பிறகு கண்ணாடியில் அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளைச் சொல்லலப்பா" என்றார். அத்தான் துண்டை மறுபடி உதறினார். அவருக்கும் கோபம்தான்.

சலவைக்கூடத்தில் கூடிப் பேசினோம். அடுத்த மாதத்திலிருந்து சம்பள உயர்வு கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்காரப்போகிறார்கள். ஆபரேஷன் அறைத் துணியையும் குழந்தைகள் வார்டுத் துணியையும் மட்டும் முறைவைத்துத் துவைப்பது என்று முடிவு. நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே, சொன்னால் உனக்குத் தர்மசங்கடம்.

நீயும் கையைத் தூக்கினாயா? கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன், சரியாகத் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொஞ்சம் தூங்குகிறேன். அம்மாவின் மாத்திரைக்காகத் தினமும் கேட்பதாகச் சொல்லிக்கொண்டே இரு, பொய்யில்லை, நினைக்கத்தான் செய்கிறேன்.

நல்ல செய்தி. வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் பெரிய சேனலில் எனக்கு நேரடிப் பேட்டி. பேட்டி எடுப்பவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்பார் என்று பெயர். முதல் முறை ஜெயித்தவர்களில் என்னைத்தான் அனுப்புகிறார்கள். பயிற்சியாளர் ஒரு வாரமாக என்னை வைத்துப் பிழிந்தெடுக்கிறார். புதுச் சட்டை தைத்தாயிற்று. அம்மாவைச் சலூனுக்கு அழைத்துப் போய் முன்னால் உட்கார வைத்துக் காட்டச் சொல் அத்தானிடம்.

சலவைக்கூடத்துக்காரர்கள் மேல் எனக்கும் அக்கறை உண்டு என்று சொல்.

அன்புடன்
தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

அம்மா நலம், அத்தான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பேட்டியைப் பார்த்தோம். நான் சலூனில் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி கேண்டீனில் பார்த்தேன். சுற்றிச் சலவைக்கூடத்தார் எல்லோரும் இருந்தார்கள். நீ என் தம்பி என்று அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று நாளாக வாசலில் உட்கார்ந்து களைத்திருந்தாலும், "உன் தம்பி நமக்கு ஏதாவது சொல்வான் பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆள் பேட்டி நடுவில் எங்களைக் காட்டினார் அல்லவா, ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் கோஷம் போடுவதை? முன்வரிசையில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றது நான். என் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். கேண்டீனில் எல்லோரும் கைதட்டினார்கள். "உங்க சம்பளத்தை ஏத்திக்கிட்டீங்க. இந்தம்மாவுக்கு என்ன சொல்றீங்க?" என்று உன்னிடம் கேட்டார்.

நீ நன்றி சொன்னாய். பிறகு சுகாதாரத் துறையில் உங்கள் கட்சி செய்த சாதனைகளைச் சொன்னாய். புதுக் கட்டடங்களைச் சொன்னாய். "இந்த மாதிரி தாய்மார்களோட ஆதரவு எங்களுக்கு எப்பவும் இருக்கு" என்றாய்.

கேண்டீனில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எங்களில் சைரன் என்று ஒருத்தி உண்டு, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல், அதனால் அந்தப் பெயர். அவள்கூடப் பேசாமல் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சலூனில் பார்த்த அம்மா என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். நான்தான் என்று நீ பார்த்தாயா, இல்லையா? நீ உட்கார்ந்த இடத்திலிருந்து படம் சரியாகத் தெரிந்திருக்காது என்கிறார் அத்தான். அப்படியானால் அப்படி எழுது, நான் நம்புகிறேன். ஒரு வார்த்தை போதும்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், கூட்டத்தொடர் நடக்கிறது.

பேட்டி நன்றாக வந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். நீ கேட்டதைப் புரிந்துகொள்கிறேன். அதே நேரத்தில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களின் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. இதை ஆராய ஒரு குழு அமைக்கும்படி நானே பேசியிருக்கிறேன், அது நடக்கும் என்று நம்பிக்கை இருக்கிறது. போராடுகிறவர்களின் உணர்வுகளை நான் என்றைக்கும் மதிப்பவன். அது உனக்கே தெரியும்.

வெயில் ஏறுகிறது. பானையில் தண்ணீர் வைத்து அம்மாவுக்குக் கொடு. வாசலில் உட்கார்பவர்களுக்கு நிழல் இருக்கிறதா? ஒரு பந்தல் போட்டுத்தரச் சொல்லட்டுமா? அம்மாவுக்கு ஒரு மின்விசிறி அனுப்பியிருக்கிறேன், வந்ததா என்று எழுது.

என்றும் அன்புடன்
தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

வார்டுத் துணிக்கு என் முறை வந்தபோது சூடான இஸ்திரிப் பெட்டியில் கை பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, பேனா பிடிக்கத்தான் முடியவில்லை. நான் சொல்லச் சொல்லச் சைரன் எழுதுகிறாள். மின்விசிறி வந்தது, நன்றாகச் சுற்றுகிறது. பந்தல் வேண்டாம்.

பார்த்தாயா, இல்லையா?

அக்கா

(இதை எழுதுகிறவள் சொல்வது: உங்க போன கடிதத்தை நானும் படிச்சேன். பேட்டியைவிட நல்லா இருந்துச்சு.)


ஏப்ரல் 25

பெருமதிப்பிற்குரிய வாக்காளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் வாழ உறுப்பினர் அவர்கள் வாழ்த்துகிறார்.

தங்களது மேலான கடிதம் உறுப்பினர் அவர்களின் கனிவான பார்வைக்குக் கொண்டுசெல்லப்படும். தாங்கள் எழுப்பியுள்ள "பார்த்தாயா, இல்லையா" என்னும் பொருள் குறித்து உரிய துறையிடம் அறிக்கை கோரப்பட்டுள்ளது. அறிக்கை கிடைத்ததும் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். மின்விசிறி நன்றாகச் சுற்றுவது குறித்து உறுப்பினர் அவர்கள் மகிழ்ச்சி அடைகிறார்.

தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்,
உறுப்பினர் அலுவலகம்


மே 2

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் தொகுதியைச் சேர்ந்த ஒரு வாக்காளர் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். தாங்கள் நலமா என்று கேட்டு, தங்கள் அலுவலகத்துக்கு வீண் சிரமம் தர விரும்பவில்லை.

கை ஆறிவிட்டதால் நானே எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இத்துடன் திரும்ப வருகிறது. அதைச் சைரன் வாசலில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

துறை எதுவென்று மட்டும் தெரிவித்தால் நானே நேரில் போய் அறிக்கையை வாங்கிக்கொள்வேன். அம்மாவுக்கு வயதாகிறது. அவள் இருக்கும்போதே அறிக்கை வந்தால் நன்றாக இருக்கும்.

டேய், நான் உன்னிடம் சம்பளமா கேட்டேன்? பந்தலா கேட்டேன்? உன் பதவியை வைத்து எனக்கு ஏதாவது செய் என்று என்றைக்காவது வந்து நின்றிருக்கிறேனா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாயோ என்று நினைத்தால் ராத்திரி சோறு இறங்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் பொய்யாக இருந்தாலும் நம்பிவிடுவேன் போலிருக்கிறது, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இனி நான் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு
வாக்காளர்


மே 9

அக்கா,

பார்த்தேன்.

திரையில் படம் வந்த உடனே பார்த்தேன். துண்டுக்குக் கீழே நெற்றி தெரிந்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. மெலிந்திருந்தாய். "இந்தம்மாவுக்கு என்ன சொல்றீங்க" என்று அவர் கேட்டபோது, அது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. அதுவும் எனக்குப் புரிந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்குள் வாய் தானாக நன்றி சொல்லிவிட்டது. அப்புறம் எல்லாம் படித்த பாடம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை என்று எழுதினால் அது பொய், நான் நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் வந்து முதுகில் தட்டி, "இதுவரைக்கும் நீங்க பேசினதுலயே அதுதான் சுத்தமான பதில். கொஞ்சம்கூட முகம் மாறலை" என்றார். அப்படியே எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தை மறுபடி கழுவினேன்.

உன் மற்றக் கேள்விக்கும் பதில். கையைத் தூக்கினேன். வீட்டு வாடகை, கல்யாணம், சாவு, நன்கொடை என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பது, கட்சிக்குக் கட்டுவது என்று எவ்வளவோ காரணம் சொல்லலாம், அதில் பாதி உண்மையும்கூட. ஆனால் கையைத் தூக்கும்போது அதெல்லாம் நினைக்கவில்லை. எல்லோரும் தூக்கினார்கள், எனக்கும் வேண்டும் என்று இருந்தது.

அலுவலகப் பதிலைப் படித்துவிட்டு உதவியாளரைத் திட்டப் போனேன். அவர் சாய்வெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், சைரன் எழுதியதோ நிமிர்ந்த எழுத்து. "தம்பின்னு வயசானவங்க எல்லாரும்தான் எழுதறாங்க. நீங்க பேட்டியில சொல்ற மாதிரியேதானே எழுதினேன்?" என்று கேட்டார்.

அதே சேனலில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கட்சியில் போகச் சொல்கிறார்கள். இந்தத் தாளில் எழுதியதை அங்கே சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் நீ இனி எழுத வேண்டாம்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்காதான். இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பிட்டாயா, யாராவது உன்னோடு இருக்கிறார்களா, முதலில் அதை எழுது.

இந்த முறை அம்மாவோடு சலூனில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பேட்டி எடுப்பவர் அந்தப் படத்தை மறுபடி போட்டதும் நீ நன்றி சொல்லவில்லை. "முன்னாடி நிக்கறது எங்க அக்கா. போன தடவையே பார்த்தேன். தெரியாத மாதிரி இருந்துட்டேன்" என்றாய். பாவம், அந்த மனிதருக்கே அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. பிறகுதான் சுதாரித்து, "அப்படின்னா ஏத்தின சம்பளத்தைத் திருப்பித் தருவீங்களா?" என்று மடக்கினார். "மாட்டேன். எனக்கு வேணும். அவங்களுக்கும் வேணும். எனக்கு மட்டும் கையைத் தூக்கினது தப்பு" என்றாய்.

உன்னிடம் மறைக்கப் போவதில்லை, கடையில் யாரும் நம்பவில்லை. "எப்படி நடிக்கிறான் பாரு, சினிமாவுக்குப் போயிருக்கலாம்" என்றார் ஒருவர். "அடுத்த தடவை சீட்டுக் கிடைக்காது, அதான் இப்பவே அழுது வைக்கிறான்" என்றார் இன்னொருவர். நீ அழவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எப்போதும் டிவிக்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிற அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள். "கொழந்தை முகம் வாடிப்போச்சுடி" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு உன் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுசாகப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வாசலுக்குப் போனேன். சலவைக்கூடத்திலும் சிலருக்குச் சந்தேகம். தம்பி பெயர் வாங்குவதற்காகத்தான் நான் முன்வரிசையில் நின்றேனாம், எல்லாம் அக்காவும் தம்பியும் பேசிவைத்துச் செய்ததாம். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, நான் வந்ததும் பேச்சு நின்றது. நான் கடைசி வரிசையில், சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். உன்னை நினைத்துக்கொண்டேன், உனக்கு அங்கே கட்சிக்காரர்கள் நடுவில் தினமும் இப்படித்தானே இருக்கும் என்று.

கொஞ்ச நேரத்தில் டிவிக்காரர்கள் வந்தார்கள். கேமராவை நிறுத்தி வைத்தார்கள். சைரன் வரிசையை விட்டு வெளியே வந்து, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்:

"முன்னாடி வந்து நில்லுடி. இப்ப உன் தம்பி பார்ப்பான்ல."

அக்கா